கோபுரத்துக்கு வர்ணம் அடிச்சா மட்டும் கூட்டம் திரும்பாது

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மடப்பள்ளியில் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். ரெண்டு அண்ணன்களுக்கு வாக்குவாதம். "ம.இ.கா. கதை முடிஞ்சுபோச்சு" என்கிறார் ஒருத்தர். "கூட்டணி மாறினா எழுந்துடும்" என்கிறார் இன்னொருத்தர். கோயிலுக்குள்ள கட்சி பேசறதில்லைன்னு வச்சிருக்கேன், அதனால அங்கே வாய் திறக்கலை. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனா 1946-ல் நம்ம ஆளுங்க தொடங்கிய கட்சி அது. மனசுல பட்டதை எழுதறேன்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 2004 பொதுத்தேர்தலில் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதியிலும் ம.இ.கா. ஜெயிச்சது. 2008-ல் மூணு. 2018-ல் ரெண்டு. 2022-ல் தாப்பா மட்டும். 1974 முதல் துன் சாமிவேலு கையில் இருந்த சுங்கை சிப்புட்கூட 2008-ல் போச்சு.

ஏன் போச்சு? 2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்னாடி, ஷா ஆலம் ரிம்பா ஜெயா மாரியம்மன் கோயில் உடைபட்டது ஞாபகம் இருக்கும். அடுத்த மாதம் 25-ஆம் தேதி ஜனங்க கோலாலம்பூர் வீதிக்கு வந்தாங்க. அந்தக் கோபத்தில் கூட்டணிக் கணக்கு எதுவும் இல்லை. "உடைக்கும்போது நம்ம பக்கத்துல யார் நின்னாங்க?" என்ற ஒரே கேள்விதான். அதனால கூட்டணி மாறினாலும் அந்தக் கேள்வி மாறாதுன்னு நினைக்கிறேன்.

இதே கட்சிக்கு ஜனங்க நம்பிப் பணம் கொடுத்த காலமும் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமா போய்ப் பேசினார். பால் மரம் வெட்டினவங்க மாதம் பத்து வெள்ளி கட்டினாங்க. அந்தக் காசில் தோட்டமே வாங்கினாங்க, அது கண்ணுக்குத் தெரிஞ்சது. 1982-ல் மைக்கா வந்தப்பவும் ஜனங்க நம்பிப் பங்கு வாங்கினாங்க. அது எப்படி முடிஞ்சதுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க.

கோயிலில் இருக்கிற நமக்கு இது புரியும். பக்தர்கள் குறைஞ்சா சில நிர்வாகம் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கும், பெரிய பேனர் கட்டும். அன்னைக்குக் கூட்டம் வரும், அடுத்த வெள்ளி நாலு பேர்தான். ஆனா நேரத்துக்குப் பூஜை நடக்கற கோயில், உண்டியல் கணக்கைப் பலகையில் ஒட்டற கோயில், "ஏம்மா ரெண்டு வாரமா காணோம்?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிற கோயில், அங்கேதான் கூட்டம் மெதுவா திரும்பும். கட்சிக்கும் இதுதான் வழி. வாரத்துக்கு ஒருநாளாவது கிளையைத் திறந்து மேசை போட்டு உட்காரணும். வரவு செலவைக் காட்டணும். நாற்காலி தூக்கற இளைஞர்களை நாற்காலியில் உட்கார வைக்கணும். (இந்தக் கடைசி விஷயம் நம்ம கோயில் நிர்வாகத்துக்கும் சேர்த்துத்தான். கோபிச்சுக்காதீங்க.)

ஒரு சம்பவம் சொல்றேன். போன திருவிழாவுக்கு ஒரு தலைவர் வந்தார். எந்தக் கட்சின்னு கேட்காதீங்க, எல்லாத்திலும் இப்படி ஆள் உண்டு. மாலை, பரிவட்டம், படம் எல்லாம் ஆச்சு. அன்னதானத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டார். சிவப்பு ஐசி வச்சிருக்கிற பாட்டி ஒருத்தர், பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கிட்டு அவரைப் பார்க்கக் காலையிலிருந்து காத்திருந்தாங்க. கார் போனதைத்தான் பார்த்தாங்க. அப்புறம் நம்ம தொண்டர் தங்கச்சி ஒண்ணு, காலேஜ் படிக்கிற பொண்ணு, பாட்டியைப் பதிவிலாகாவுக்கு மூணு தடவை கூட்டிக்கிட்டுப் போச்சு. மனு இப்போ உள்ளே போயிருக்கு, பதில் இன்னும் வரலை. பாட்டிக்கு ஓட்டு இல்லை. ஆனா அந்த வீட்டில் ஏழு ஓட்டு இருக்கு.

"பதவி இல்லாம என்ன செய்ய முடியும்?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்விதான். நில விஷயத்துக்கு அதிகாரம் வேணும். மஸ்ஜித் இந்தியா பக்கம் 130 ஆண்டு பழமையான தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயமே 2025-ல் இடம் மாற ஒத்துக்க வேண்டியதாச்சு, ஏன்னா நிலம் கோயில் பேரில் இல்லை. ஆனா மனு எழுதிக் கொடுக்க மந்திரி பதவி எதுக்கு? பதவி வந்தாதான் சேவைன்னு சொல்றது, கும்பாபிஷேகம் ஆனாதான் விளக்கு ஏத்துவேன்னு சொல்ற மாதிரி.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. பெரிய கார் வந்தா முதல் மரியாதை கொடுத்துப் பழக்கிட்டோம். அந்தத் தங்கச்சிக்கு இதுவரை ஒரு துண்டு போர்த்தியிருக்கோமா? வர்ற திருவிழாவில் முதல் மாலையை அந்த மாதிரி ஒருத்தருக்குப் போடலாம் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கறேன். தலைவர்கள் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும், அவங்களுக்கும் பாடமா இருக்கும்.

சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கோயில் வளாகத்தில் சிரமதானம். எந்தக் கட்சிக்காரரும் வரலாம். விளக்குமாறு நாங்க தர்றோம், கேமரா மட்டும் வேண்டாம்.

அம்மன் துணை.