இளையவர் முதலில் பேசட்டும்

குளிர்காலத்தில் மாலை ஐந்து மணி ஆனதும் சுவிஸில் மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கைபேசியில் ஒரே வரைபடத்தைத் திறப்பார்கள். டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மறுநாளுக்கான அறிக்கையை வெளியிடும் நேரம் அது. காலை எட்டு மணிக்கு அதைப் புதுப்பிப்பார்கள். 1945 முதல் நடந்துவரும் வேலை. ஒன்றிலிருந்து ஐந்து வரை அபாய நிலைகள். எந்த உயரத்துக்கு மேலே, எந்தத் திசை பார்த்த சரிவுகளில் கவனம் வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

ஐந்து என்றால் யாருக்கும் குழப்பமில்லை. சாலைகளை மூடிவிடுவார்கள், ஊர் வீட்டுக்குள் இருக்கும். ஒன்று என்றாலும் குழப்பமில்லை. ஆட்களை அதிகம் கொண்டுபோவது நடுவில் நிற்கும் மூன்றுதான். நான்கு சொல்லும்போது பயம் வந்துவிடுகிறது. மூன்று சொல்லும்போது முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமைக்கு அறிக்கை மூன்று என்றது. மையன்ஃபெல்டர் ஃபுர்க்கா கணவாய்க்குப் புறப்பட்டோம்.

நால்வர். நான் முன்பு வேலை செய்த உணவகத்தின் தலைமைச் சமையற்காரர், இப்போது ஓய்வில் இருக்கிறார், பிறந்ததே இந்தப் பள்ளத்தாக்கில். அவருடைய மகள், தாதி. நான். பிறகு என் அக்காவின் மகன், இங்கேயே பிறந்தவன், போன குளிர்காலத்தில் சுவிஸ் அல்பைன் கழகத்தின் பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போய்வந்தவன்.

ஸ்கீ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கம்பிவடத்தில் ஏறிப்போய், உருளை இயந்திரம் சமன் செய்த பாதையில் சறுக்கி வருவது. இது வேறு. இங்கே இயந்திரம் எதுவும் கிடையாது, ஏறுவதும் நம் காலால்தான். குதிகால் மேலெழும்பும்படி பூட்டைத் திறந்துவிட்டு, ஸ்கீயின் அடியில் நீளமான பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வோம். ஒருகாலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தது. இப்போது அங்கோரா ஆட்டு மயிர், நைலோன். மயிர் முழுவதும் பின்பக்கம் படிந்திருப்பதால் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே நழுவப் பார்த்தால் பனியைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு முந்நூறு, நானூறு மீட்டர் உயரம் ஏறலாம். அரைமணிக்குள் முடிந்துவிடும் ஓர் இறக்கத்துக்காக மூன்று மணிநேரம் ஏறுவது கணக்குக்கு ஒத்துவராத காரியம். ஆனால் ஏறும்போதுதான் கதைக்கலாம். இறங்கும்போது யாரும் கதைப்பதில்லை.

புறப்பட்ட இடம் ஃப்ராவென்கிர்ஹ். அங்குள்ள தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவர் தட்டையாக இல்லை. கப்பலின் முன்முனை மலையைப் பார்த்து நிற்பதுபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பனி வந்தால் இரண்டாகப் பிளந்து இருபக்கமும் போய்விடும். பனிச்சரிவோடு வாழத் தெரிந்த இந்த நாட்டு அறிவை 2018இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதில் பாதி இப்படிப்பட்ட சுவர்களில் இருக்கிறது.

புறப்படும் முன் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவர் மார்பிலும் 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பும் தேடற்கருவி கட்டியிருக்கும். ஒருவர் முன்னே போய் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்துபோக, கருவி வேலை செய்கிறதா என்று அவர் கேட்டுப் பார்ப்பார். முதுகுப்பையில் மடக்குக் கோலும் மண்வெட்டியும். காரணம் எளிது. முழுதாகப் புதைந்த ஒருவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பார்கள், 35 நிமிடமானால் மூன்று பேர்தான் என்று சுவிஸ் விபத்துகளை வைத்து 1994இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்வந்த ஆய்வுகள் அந்தப் பதினைந்தைப் பத்தாகக் குறைத்துவிட்டன. ஹெலிகொப்டர் எவ்வளவு விரைந்து வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்போவது பக்கத்தில் நிற்கிறவர்கள்தான்.

இந்தக் கணவாய்க்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1894 மார்ச்சில் ஆர்தர் கோனன் டாயில், டாவோஸைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்கள் இருவரோடு இதன் வழியாக அரோசாவுக்கு ஸ்கீயில் கடந்தார். சகோதரர்கள் அதற்கு முந்தைய ஆண்டே கடந்துபார்த்திருந்தார்கள். செங்குத்தான இடத்தில் டாயிலின் ஸ்கீகள் கைநழுவி ஓடிவிட, அவர் உட்கார்ந்தபடியே சறுக்கிப்போனார். கால்சட்டை தேய்ந்ததைப் பிறகு ஸ்ட்ராண்ட் இதழில் சிரிக்கச் சிரிக்க எழுதினார். ஓவியர் கிர்ஷ்னர் கோடைகளைக் கழித்த ஸ்டாஃபெலால்ப் குடிசைகளைத் தாண்டும்போது சமையற்காரர் இதைச் சொன்னார். எத்தனையாவது தடவையோ, மகள் முகத்தில் தெரிந்தது.

கணவாய்க்குக் கீழே கடைசிச் சரிவு. கிழக்குப் பக்கம். இரண்டு நாளாக வடமேற்கிலிருந்து காற்று. அப்படியென்றால் அந்தப் பக்கத்துப் பனியை எல்லாம் காற்று வாரிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் கொட்டியிருக்கும். பனிக்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்தால் அடிப்படலம் சீனிபோல உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று கொண்டுவந்த இறுகிய படலம் உட்கார்ந்தால், ஒருவரின் பாரமே அதை உடைக்கப் போதும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வு வேண்டும், அதுவும் அங்கே இருந்தது. ஆனால் சரிவின் குறுக்கே முன்பு யாரோ போன இரண்டு தடங்களும் இருந்தன. வானம் நீலம். கணவாய் கண்ணுக்கு முன்னால்.

மருமகன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்:

“மாமா, எனக்கு இந்த இடம் சரியாப் படேல்லை.”

“எனக்கு ஏன் சொல்லுறாய்? அவரிட்டச் சொல்லு.”

“அவருக்குத் தெரியாததே, மாமா?”

“தெரியுமோ தெரியாதோ, நீ வாய் திறந்து சொல்லு.”

சொன்னான், ஜேர்மனில், கொஞ்சம் திணறி. கிழவர் காரணம் கேட்கவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “அப்படியென்றால் இங்கே தேநீர்” என்று பையை இறக்கினார். பிறகுதான் வரைபடத்தில் சாய்வைக் காட்டி, தடங்கள் காற்றுக்கு முந்தியவை என்று அவனுக்கு விளக்கினார். அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார். தலைமைச் சமையற்காரர் அல்லவா.

அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை இயன் மக்கமன் என்பவர் ஆராய்ந்தார். பழகிய மலையில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியே இல்லாதவர்களைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள் என்று கண்டார். முன்னே போன தடம், குழுவில் ஒரு வல்லவர், புறப்படும்போதே போட்டுவிட்ட இலக்கு, இவையெல்லாம் சேர்ந்து கண்முன் இருக்கும் அறிகுறியை மறைத்துவிடுகின்றன. நண்பர்கள்தான் நம்மைத் தோண்டி எடுக்கப்போகிறவர்கள். நம்மைப் பேசவிடாமல் செய்வதும் அதே நண்பர்கள்தான். யாரும் வாயைப் பொத்துவதில்லை. அவர்கள் அங்கே நிற்பதே போதும்.

இதில் நம்மவர்களுக்குக் கூடுதல் சுமை ஒன்று உண்டு. பெரியவர் முன்னால் அபிப்பிராயம் சொல்வதைவிட, பெரியவர் காதில் விழாமல் உறவுக்காரர் காதில் போட்டுவைப்பதுதான் மரியாதை என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் அதனால் பெரிய நட்டமில்லை. முப்பது பாகைச் சரிவில் அது ஆளைக் கொல்லும்.

நாங்கள் வேறு பக்கம், இருபத்தைந்து பாகைக்கும் குறைந்த சாய்வில் இறங்கினோம். காடுவரை முழங்கால் அளவு புதுப்பனி, யாரும் தொடாதது. மருமகன் முன்னால் கூச்சல் போட்டுக்கொண்டு போனான். கணவாயைத் தொடாத நாள் குறைந்த நாளாக யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சரிவு அன்று உடையவில்லை. போயிருந்தால் உடைந்திருக்குமா? தெரிய வழியில்லை. இந்த விளையாட்டின் வில்லங்கமே அதுதான்: தவறான முடிவுக்கும் மலை பெரும்பாலும் பரிசு கொடுத்துவிடும். தப்பிப் பிழைத்ததை அனுபவம் என்று எண்ணி அடுத்த முறை இன்னும் துணிவோம். ஆகவே முடிவை விளைவை வைத்து அளக்கக்கூடாது. அந்த நேரத்தில் தெரிந்தது எல்லாம் சபைக்கு வந்ததா என்று மட்டும் பார்க்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி. நிற்கும் இடத்திலெல்லாம் இளையவர் முதலில் பேசவேண்டும், மூத்தவர் கடைசியில். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். காரணத்தைத் தேநீர் குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். இதனால் சில நல்ல இறக்கங்கள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

சுவிஸில் நம் ஊர்ச் சங்கங்களும் கோயில் சபைகளும் ஆண்டுக் கூட்டம் கூட்டும் காலம் இது. தலைவர் பேசி, செயலாளர் பேசி, பொருளாளர் பேசி முடிக்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள் கைபேசியில் இறங்கியிருப்பார்கள். இந்த முறை பின்வரிசையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கூட்டம் நீளும், சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் கணக்கில் எங்கே ஓட்டை என்பது அந்த வரிசைக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.