முதல் சாக்ஸபோன்: 'சும்மா ஒண்ணு' மட்டும் வேண்டாம்

"முதல்ல சும்மா சீப்பா ஒண்ணு வாங்கிக் கொடுப்போம் சார். பொண்ணுக்கு ஆர்வம் இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்."

ஜீடிமெட்லாவில் எங்கள் பக்கத்து யூனிட்டில் வேலை பார்க்கும் திருநெல்வேலி நண்பர் சொன்னது இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கிட்டார், கீபோர்டு, கராத்தே உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் இதே நியாயம்தான். ஆனால் சாக்ஸபோன் விஷயத்தில் இது தலைகீழ் என்பது என் கட்சி. நான் வித்வான் எல்லாம் கிடையாது. ஆணி பிடுங்கிய நேரம் போக நாலைந்து வருஷமாக ஊதிக்கொண்டிருக்கும் ஆசாமி. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

மட்டமான கீபோர்டில் 'ச' கட்டையை அழுத்தினால் 'ச' வந்துவிடும். ஒலி தகரம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சாக்ஸபோன் அப்படி இல்லை. பித்தளைக் குழாயில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றையும் தோல் போர்த்திய ஒரு 'பேட்' வந்து மூடவேண்டும். மேலே இருக்கும் ஒரு பேட் தலைமுடி அளவு இடைவெளி விட்டாலும் போதும், அதற்குக் கீழே இருக்கும் ஸ்வரங்கள் எல்லாம் தகராறு செய்யும். ஒன்று வராது, அல்லது கீச்சிடும். அனுபவசாலி அரை நிமிடத்தில் கருவியின் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அது தெரியாது. "எனக்கு வரலைப்பா" என்றுதான் சொல்லும். நாமும் "சரி, இவளுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். காசு போனதுகூடப் பெரிதில்லை. தனக்கு சங்கீதம் வராது என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிடுகிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆர்வத்தை மலிவாகச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. ரெக்கார்டர் என்ற பிளாஸ்டிக் குழல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விரல் வைக்கும் முறை சாக்ஸபோனுக்கு நெருங்கிய சொந்தம். மூச்சுப் பழக்கமும் வரும். மூன்று மாதம் தினமும் எடுத்து ஊதினால் ஆர்வம் நிஜம். ஊதாவிட்டால் நஷ்டம் ஒரு பிரியாணிக் காசு.

சாக்ஸபோன் ஆசை நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. 1994-ல் வந்த பாலசந்தரின் 'டூயட்' படத்தில், ரஹ்மான் இசையில், பிரபு கையில் பிடித்திருந்த கருவிக்குள் மூச்சுவிட்டவர் கத்ரி கோபால்நாத். தட்சிண கன்னடத்துக்காரர், நாகஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்தை அதில் கொண்டுவர வருஷக்கணக்கில் உழைத்தவர். கமகம் பேசவேண்டும் என்பதற்காகக் கருவியிலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டார். 2004-ல் பத்மஸ்ரீ; 2019 அக்டோபரில் காலமானார். அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி, நம் கச்சேரி மேடைக்கு வந்து சேர்ந்த கதை இது.

அவர் வாசித்தது ஆல்ட்டோ. புதிதாகக் கற்பவர்களுக்கும் நான் ஆல்ட்டோவையே சொல்வேன். டெனார் சின்னக் கழுத்துக்குக் கனம், மூச்சும் அதிகம் கேட்கும். நேராகக் குழல் போல இருக்கும் சொப்ரானோ பார்க்க எளிது, சுருதி சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். இன்னொன்று, ஆல்ட்டோவில் 'ஸி' விரல் வைத்து ஊதினால் வெளியே கேட்பது இரண்டரைக் கட்டை, டெனாரில் ஆறரைக் கட்டை. எனவே கர்நாடக இசையா, மேற்கத்திய இசையா, யாரிடம் கற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்து, அந்த வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி துட்டு விஷயம். யமஹாவின் ஆரம்ப மாடலான ஒய்.ஏ.எஸ்-280 புதிதாக லட்சம் ரூபாயைத் தாண்டும். இணையத்தில் பெயர் தெரியாத பளபளா கருவிகள் அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. நடுவில் ஒரு வழி உண்டு: பழைய யமஹா (23, 275 மாதிரி மாடல்கள்) அல்லது தைவான் ஜூபிடர், செகண்ட் ஹேண்டில்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பழைய நல்ல கருவி ஒன்றை 50,000-க்கு வாங்கி, இரண்டு வருஷம் கழித்து 40,000-க்கு விற்றால் நிஜச் செலவு 10,000. புதிய மலிவுக் கருவி 20,000-க்கு வாங்கினால் திரும்ப விற்க ஆளே கிடைக்காது. எது சிக்கனம், நீங்களே சொல்லுங்கள்.

கையில் இருக்கும் மொத்தத்தையும் கருவியில் போட்டுவிடாதீர்கள். நூறு ரூபாய் இருந்தால் எழுபதைக் கருவிக்கு வையுங்கள். மீதி முப்பதில் ஒரு முழு சர்வீஸ், நல்ல மவுத்பீஸ், கழுத்துப் பட்டை, இரண்டாம் நம்பர் ரீட் ஒரு பெட்டி. நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, சாக்ஸபோனுக்கு ரீட் அப்படி. அது நாணல், தேயும், பிளக்கும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஊதத் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிப்போங்கள். இங்கே கல்யாண பேண்டில் ஊதுகிறவர் ஒருவர் கிடைத்தாலும் போதும். கடைக்காரரின் பேச்சைவிட அவர் உதடு உண்மை சொல்லும்.

2. கீழ் ஸ்வரங்கள் மெதுவாக ஊதும்போதும் வரவேண்டும். அடித்து ஊதினால்தான் வரும் என்றால் எங்கோ ஒழுகுகிறது.

3. இருட்டறையில், பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. சரத்தைக் குழாய்க்குள் இறக்கி, சாவிகளை லேசாக மூடிப் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் அந்த பேட் போச்சு.

4. வளைந்த கழுத்துப் பகுதியைப் பக்கவாட்டில் பாருங்கள். நசுங்கியோ கீழே இழுபட்டோ இருந்தால் சுருதி நிற்காது.

5. சாவிகளைத் தாங்கும் தண்டுகளை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உழைத்துக் களைத்த கருவி.

6. பாலிஷ் போயிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம் :-)

ரிப்பேரை யோசிக்காமல் வாங்கவே கூடாது. ஜீடிமெட்லாவில் எந்த உலோகத்தையும் கடைந்து, இழைத்து, மைக்ரான் கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் பேட் மாற்றுவது லேத் வேலை இல்லை. ஒவ்வொரு பேடையும் அரக்கு போன்ற பசையைச் சூடாக்கி உட்கார வைத்து, துளைக்குச் சமமாகப் பொருத்தும் நகாசு வேலை. அதற்கான ஆளை முதலில் கண்டுபிடியுங்கள், செகந்திராபாத்திலோ, ஊருக்குப் போகும்போது சென்னையிலோ. அவர் எந்தக் கம்பெனியின் கருவியைத் தொடுவார் என்று கேளுங்கள். மலிவுக் கருவிகளின் சாவிகள் மெத்தென்று வளையும், உதிரி பாகமும் கிடைக்காது. அதனால் பல மெக்கானிக்குகள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள்.

"ஐம்பதாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?" என்ற கேள்வி வரும், நியாயமானது. நம்மூர்க்காரர்கள் எல்லோரும் இங்கே மேனேஜர் இல்லை. ஷிப்டுக்குப் போய்விட்டு ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் என் யோசனை இது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கலாம். மவுத்பீஸும் ரீட்டும் மட்டும் ஆளுக்கு ஒன்று தனித்தனியாக இருக்கட்டும். வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களும் இதைச் செய்யலாம். பொங்கல் விழா மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், வருஷத்துக்கு ஒரு நல்ல கருவி வாங்கி, கற்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் கடன் கொடுக்கலாம். நாலைந்து வருஷத்தில் சங்க விழாவில் நம் பிள்ளைகளே மங்கள இசை வாசிப்பார்கள்.

நண்பரிடமும் இதையே சொன்னேன். இப்போதைக்கு ரெக்கார்டர் வாங்கியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து, கூட வரச்சொல்லியிருக்கிறார்.

பி.கு.: அபார்ட்மெண்ட்காரர்கள் கவனத்துக்கு. புனல் வாயில் துணியை அடைத்தால் சத்தம் குறையாது, அடி ஸ்வரங்கள்தான் கெடும். ஒலி எல்லாத் துளைகளிலிருந்தும் வருகிறது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து ஊதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு ஒரு டப்பா அதிரசமும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.