சுழியோடிச் சான்றிதழ் மட்டும் சோறு போடுமா?

யாழ்ப்பாணக் கரையோரங்களில் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் இளைஞர்கள் பலர். வட்டுக்கோட்டை, அராலிப் பக்கத்தில் அப்படியொரு பிள்ளை முறையான வர்த்தகச் சுழியோடியாகப் பயிற்சி பெறப் புறப்பட்டால், வீட்டார் முதலில் கேட்பது, "முடித்து வந்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான். வியாபாரிகளாகிய நாமும் கேட்கவேண்டிய கேள்வி அது. பயிற்சிக்கான பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்தோ, கடை முதலிலிருந்து எடுத்தோதான் கட்டப்படுகிறது.

வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கிடந்த ஆழம் சுமார் 21 மீற்றர். கடலட்டைக்குப் போகிறவர்கள் அறியாத ஆழமல்ல அது. ஆனால் சிதைவுகளை அகற்ற வந்ததோ சீனாவின் ஷங்காய் சல்வேஜ் நிறுவனம். இத்தகைய ஒப்பந்தம் கேட்பது இறங்கத் தெரிந்தவனை மட்டுமல்ல. அடியில் இரும்பை வெட்டவும், கட்டித் தூக்கவும் தெரிந்த ஆட்கள், கருவிகள், காப்புறுதி ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கேட்கிறது.

இதிலிருந்து நாம் விளங்கவேண்டியது ஒன்றுதான். சுழியோடுவது வேலைத்தளத்துக்குப் போகும் பாதை மாத்திரமே. கூலி கிடைப்பது அங்கே செய்யும் வேலைக்கு. வெல்டிங், இயந்திரத் திருத்தம், கொங்கிரீட், நீரடிப் படப்பிடிப்பு ஆகியவற்றுள் ஒன்றையாவது கையில் வைத்திருப்பவனே முன்னுக்கு வருவான்.

முகவர்கள் சொல்வதை அப்படியே நம்பிப் பணம் கட்டக் கூடாது. உல்லாசப் பயணிகளுக்கான ஸ்கூபா சான்றிதழ் தொழிலுக்கு உதவாது. வளைகுடா எண்ணெய்த் துறையில் வேலை தேடுவதானால், பெறப்போகும் சான்றிதழ் இம்கா என்ற சர்வதேச அமைப்பு அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், புதியவருக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது மேலே நின்று கயிறும் காற்றுக்குழாயும் பிடிக்கும் வேலையே. அதை இழிவாக எண்ண வேண்டாம். மன்னார் முத்துக்குளிப்பிலும், கீழே போனவனின் உயிர் மேலே கயிறு பிடித்தவனின் கையில்தான் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று பழையவர்கள் சொல்வதும் அதனால்தான்.

இனி நம் பக்கத்துக் கடமை. படகின் அடிப்பாகம் சுத்தம் செய்ய, இறங்குதுறைத் தூண் பார்க்க, அறுந்த நங்கூரம் எடுக்க நமக்கும் சுழியோடி தேவைப்படுகிறார். அப்போது நாம் தேடுவது மலிவான ஒரு ஆளையும் ஒரு சிலிண்டரையும். மேலிருந்து காற்று அனுப்பிச் செய்யும் வேலைக்கு இம்கா விதிக்கும் மிகக் குறைந்த குழு 5 பேர்: மேற்பார்வையாளர், சுழியோடி, ஆபத்துக்கு இறங்கத் தயாராக இன்னொரு சுழியோடி, இருவருக்கும் கயிறு பிடிக்க இருவர். இது ஆடம்பரமல்ல. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் உடல் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன், அவசரமாக மேலே வந்தால் குமிழாகி, மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். மலிவாகப் பேசி மிச்சம்பிடித்த பணம் ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் கட்டிலில் கிடத்தலாம்.

தனியொரு படகுக்காரரால் 5 பேருக்குக் கூலி கொடுக்க முடியாதுதான். ஆனால் காரைநகர், மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதிப் படகு உரிமையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் தம் வேலைகளைச் சேர்த்து, ஒரே வாரத்தில் ஒரு குழுவுக்குக் கொடுக்கலாமே! செலவு பகிரப்படும், வேலை ஒழுங்காக முடியும். புதிய சுழியோடிக்கோ தன் பதிவுப் புத்தகத்தில் மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட இறக்கங்கள் சேரும். வெளிநாட்டு நிறுவனம் சான்றிதழுக்கு அடுத்ததாகப் புரட்டிப் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அதன் முதற் பக்கங்களை நிரப்பிக் கொடுக்க நம் ஊர் வியாபாரிகளால் முடியும்.