அவசரத்தில் வேகாத குழம்பு

இத்தாலி நாட்டின் போலோன்யா நகர வணிகர் சபையில் ஒரு குழம்பின் செய்முறை பதிவாகியிருக்கிறது. 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தார் அதைப் பதிவு செய்தனர். 'ரகூ' எனப்படும் அந்த இறைச்சிக் குழம்புக்கு 300 கிராம் மாட்டிறைச்சி, 150 கிராம் உப்பிட்ட பன்றிக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், காரட், செலரித் தண்டு, கொஞ்சம் தக்காளி, அரை டம்ளர் திராட்சை மது, ஒரு டம்ளர் பால் என்று கணக்கு வைத்தார்கள்.

இந்தக் கணக்கைக் காட்டி, ஊரை விட்டுப் போனவர்களின் சமையலைப் பழிப்பவர்கள் உண்டு. போலோன்யாவில் முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை நாடாவாக நறுக்கி இக்குழம்போடு உண்பார்கள். ஆகவே ஸ்பாகெட்டியில் ஊற்றினால் அது போலி என்பது அவர்கள் வாதம். இது நியாயமான வழக்கல்ல.

1891ல் பெல்லெக்ரினோ ஆர்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், போலோன்யா முறைக் குழம்பில் தக்காளியே கிடையாது. 1982ல் சேர்த்த பாலை, 2023ல் திருத்திப் பதிந்தபோது "விருப்பமானால்" என்று தளர்த்திவிட்டார்கள். உள்ளூரில் இருப்பவர் மாற்றினால் திருத்தம், வெளியூர் போனவர் மாற்றினால் கலப்படமா?

1876 முதல் 1915 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பிழைப்புத் தேடி இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கா சென்றவர்களில் பெரும்பாலோர் தென்பகுதி ஏழைகள். சொந்த ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட இறைச்சி, அங்கே கூலிப் பணத்துக்கு எட்டியது. ஞாயிறு காலையில் அடுப்பில் சட்டி ஏறியது. குழம்பில் இறைச்சி உருண்டைகளும் சேர்ந்தன. ஊர்க் குழம்பு சற்றே உருமாறியது. ஆனால் குடும்பம் கூடி உண்ணும் வழக்கம் நிலைத்தது.

மாறாதது இன்னொன்றும் உண்டு. அதுதான் நிதானம். பொடியாக நறுக்கிய காய்களைக் கொழுப்பில் குழைய வதக்கி, கொத்திய இறைச்சியை நீர் சுண்டிச் சிவக்கும்வரை புரட்ட வேண்டும். பிறகு மது, தக்காளி, எலும்புச்சாறு சேர்த்து, தணலாகத் தணித்த தீயில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். முரட்டு இறைச்சியில் உள்ள நார்ப்பசை மெல்லக் கரைந்து குழம்புக்குக் கெட்டியும் வழவழப்பும் தரும். மலிவான இறைச்சிக்கு மதிப்பு வருவது இப்படித்தான்.

நம் வீட்டில் செய்ய விரும்புவோர் மாட்டிறைச்சிக்குப் பதில் ஆட்டுக் கொத்துக்கறியும், மதுவுக்குப் பதில் எலும்புச்சாறும் சேர்க்கலாம். போலோன்யாக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் பிரஷர் குக்கரில் நாலு விசில் விட்டு இறக்கினால் காரியம் முடியாது. மூடிய பாத்திரத்தில் கறி வேகும், நீர் வற்றாது; பிறகு திறந்து வைத்துச் சுண்டவிட்டே ஆக வேண்டும்.

மூன்று மணி நேரம் எரிவாயு வீணாகாதா என்ற கேள்வி நியாயமானதே. தினமும் செய்யும் குழம்பல்ல இது. மேலும், அத்தனை நேரமும் அடுப்படியில் நிற்கும் பொறுப்பை வீட்டுப் பெண்கள் தலையிலேயே கட்டுவதும் முறையல்ல. அவ்வப்போது கிளறிவிட ஆண்களுக்கும் கை இருக்கிறது.

கைக்குக் கிடைத்த பொருளுக்கு ஏற்பச் செய்முறை மாறலாம், அதில் குற்றமில்லை. நேரத்தைக் களவாடினால் மட்டும் குழம்பு காட்டிக்கொடுத்துவிடும்.