கதையில் ஓட்டை கண்ட பிள்ளையைக் கடிந்து கொள்ளலாமா?



இரண்டு வாரங்களுக்கு முன், ஓய்வு நேரத்தில், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் உரத்த குரலில் வாதிட்டுக் கொண்டிருந்தனர். சண்டை முற்றிவிடுமோ என்று அஞ்சி விலக்கிவிடப் போனேன். அருகில் சென்ற பிறகுதான் தெரிந்தது, அது கைகலப்பு அன்று. ஒரு கணினி விளையாட்டின் கதையைப் பற்றிய வழக்கு.

"போர்ல விழுந்தா அந்த மருந்தைக் கொடுத்து எழுப்புறாங்கதானே? அப்போ அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் கொடுக்கல?" என்றான் ஒருவன்.

"அது போர்ல விழுந்தது இல்லடா, கதையில செத்தது. அது வேற, இது வேற!" என்றான் மற்றவன்.

"வேறன்னு எங்க சொல்லியிருக்கு? காட்டு!"

அந்தக் கடைசிச் சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. கருத்துணர் பாடத்தில் நான் நாள்தோறும் வேண்டி நிற்பது அதைத்தானே! "உன் விடைக்குப் பத்தியில் சான்று எங்கே? காட்டு" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! இங்கே அதைக் கேட்டவனோ, கட்டுரைப் பாடத்தில் ஐந்து வரிக்கு மேல் எழுதாதவன். வகுப்பில் வாய் திறவாதவன்.

அவர்கள் பேசிய விளையாட்டு 'ஃபைனல் ஃபேண்டசி 7'. 1997-இல் சப்பானிய நிறுவனமான ஸ்குவேர் வெளியிட்டது. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, கற்பனை உலகம் ஒன்றில் கதையோடு நடந்து செல்லும் வகையைச் சேர்ந்தது. அதன் மறுஆக்கத்தின் முதல் பகுதி 2020-இலும் இரண்டாம் பகுதி 2024-இலும் வந்தன. மாணவன் தன் அண்ணன் ஆடுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறான்.

அதன் கதையில் ஏரித் என்னும் பெண், செஃபிரோத் என்பவனின் வாளுக்குப் பலியாகிறாள். அதே விளையாட்டின் போர்களில் வீழ்ந்துபட்ட தோழரை 'ஃபீனிக்ஸ் டவுன்' என்னும் மருந்துப் பொருளால் நொடியில் எழுப்பிவிடலாம். அப்படியானால் அவளை ஏன் எழுப்பவில்லை? இந்த வினாவை உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் 1997 முதல் விடாமல் கேட்டு வருகிறார்கள். "போரில் வீழ்வது மயக்கம்; கதையில் வீழ்வது மரணம்" என்பார் ஒரு சாரார். "அந்த வேறுபாட்டைக் கதை எங்கே சொன்னது?" என்பார் மறு சாரார். இதே விளையாட்டின் இறுதிப் போரில் செஃபிரோத்தின் ஒரு தாக்குதலில் கோள்கள் சிதறுகின்றன, சூரியனே பொங்கி எழுகிறது. அடுத்த நொடியில் எல்லாம் பழையபடி இருக்க, அவன் அதே தாக்குதலை மீண்டும் தொடுப்பான்! அதையும் விட்டுவைக்காமல் வாதிடுகிறார்கள்.

வெட்டிப் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று எனக்கு என் குற்றம் ஒன்று நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு அதே மாணவன் நான்காம் ஆண்டில் இருந்தபோது, மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததையும், அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதையும், இறுதியில் இறைவன் தோன்றி அனைவரையும் உயிர்ப்பித்ததையும் உணர்ச்சி பொங்கக் கூறி முடித்தேன். அவன் கை உயர்ந்தது.

"ஐயா, கடைசியில எல்லாருமே உயிரோட வந்துட்டாங்கன்னா, அது எப்படித் தண்டனை ஆகும்?"

வகுப்பு சிரித்தது. எனக்கோ பாடவேளை முடிய ஐந்து மணித்துளிகளே இருந்தன. "குறுக்குக் கேள்வி கேட்காமல் பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியை எழுதப் பணித்தேன். அதன்பின் அவன் கை உயர்ந்து நான் பார்த்ததில்லை.

நண்பர்களே, இந்த இரண்டு வினாக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விளையாட்டைப் பற்றி அவன் கேட்டது, "ஏன் பிழைக்கவில்லை?" என் பாடத்தைப் பற்றிக் கேட்டது, "ஏன் பிழைத்தார்கள்?" இரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள். உயிர்ப்பிக்கும் வழி ஒன்று இருக்கும் உலகத்தில் சாவுக்கு என்ன மதிப்பு என்பதே அவ்வினா. பத்து அகவைச் சிறுவன் அதைத் தானாகவே கண்டடைந்தான். நான் அதைக் குறுக்குக் கேள்வி என்றேன்.

அவனுக்கு விடை இல்லையா? இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதையில், இளவரசன் மீது தேரைச் செலுத்தப் பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மனமின்றித் தம் உயிரையே மாய்த்துக் கொள்கிறார். அதன் பிறகுதான் அரசனே தேரைச் செலுத்துகிறான். இறைவன் வருவான், மீட்டுத் தருவான் என்பது அந்த வேளையில் அரசனுக்குத் தெரியாது. இழப்பு நிலையானது என்று எண்ணியே அவன் முடிவெடுத்தான். ஆகவே அவனுடைய நீதியை அவன் அறிந்திருந்ததைக் கொண்டுதான் அளக்க வேண்டும், பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு அன்று. மேலும், சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது உயிர்த்தெழுந்த செய்தி இல்லை. ஒரே கதை, இரண்டு நூல்களில் இரண்டு விதிகளோடு நிற்கிறது. இதை அன்று சொல்லியிருந்தால் வகுப்புக்கே அருமையான பாடமாக அமைந்திருக்கும். அவன் கேள்வியால்தான் அந்தப் பாடம் கிடைத்திருக்கும்.

கதையின் ஓட்டையைத் தேடுவது நம் மரபுக்குப் புதிது அன்று. பட்டிமண்டபம் என்னும் சொல்லே மணிமேகலையில் உள்ளது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடைகள் முதல் நம் நாட்டு ஆலய விழாக்கள் வரை, "வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது முறையா?" என்று வாதிட்டு நாம் ஓயவில்லை. அதில் வியப்பு என்னவென்றால், அந்த வினாவை முதலில் எழுப்பியவர் பட்டிமன்றப் பேச்சாளர் அல்லர். அடிபட்டுக் கிடக்கும் வாலியின் வாயிலாகக் கம்பரே அதை எழுப்புகிறார். தம் கதையின் ஓட்டையைத் தாமே விரல் வைத்துக் காட்டுகிறார்.

எதிர்த்து வருபவரின் வலிமையில் பாதி வாலியைச் சேரும் என்பது அவன் பெற்ற வரம். விளையாட்டு ஆடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா நேரா போகவே கூடாது ஐயா!" என்று உடனே சொல்வார்கள். விதியைக் கேட்டவுடன் அதன் விளைவைக் கணிக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அடுத்த படிக்கு நாம் அழைத்துச் செல்லலாம். மறைந்து நின்றதற்குக் கம்பரில் விடை சொல்பவன் இலக்குவன். அவன் அந்த வரத்தைக் காரணமாகக் காட்டவில்லை. சுக்கிரீவனுக்கு அடைக்கலம் தந்தாயிற்று. நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்பதே அவன் கூற்று. வரம் என்பது ஆட்ட விதி. அடைக்கலம் என்பது அற விதி. இரண்டில் எது கதையை நடத்துகிறது? ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைத் தாராளமாகப் பேசுவார்கள்.

'ஃபைனல் ஃபேண்டசி' வரிசையிலும் இப்படி விழிப்போடு நடந்த இடம் உண்டு. 1992-இல் வந்த ஐந்தாம் விளையாட்டில் கலஃப் என்னும் முதியவர் இறக்கும்போது, தோழர்கள் மந்திரத்தையும் மருந்தையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத் தோற்கிறார்கள். "மருந்து எங்கே?" என்று ஆடுபவர் கேட்பதற்கு முன்பே கதை முந்திக் கொள்கிறது. ஏழாம் விளையாட்டு அதைச் செய்யவில்லை. அதனால்தான் அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கியது. அதற்குக் கணினி வேண்டாம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர, ஒருவர் கதையை நடத்துவார். நேற்று பூட்டியிருந்த கதவு இன்று எப்படித் திறந்தது என்று ஆடுபவர் கேட்டால், நடத்துபவர் அங்கேயே விடை சொல்லியாக வேண்டும். "பேசாமல் ஆடு" என்று அதட்டினால் மேசை காலியாகிவிடும். நம் வகுப்பு காலியாவதில்லை. பிள்ளைகள் எழுந்து போக முடியாது; ஆகவே உள்ளுக்குள் போய்விடுகிறார்கள்.

கற்பனைதானே, அதில் எதற்கு ஏரணம் என்று கேட்போர் உண்டு. டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இதற்கு நல்ல விளக்கம் தந்தார். பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் நம்பத்தக்கதாக இருக்கும் உலகத்தைப் படைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது என்பது அவர் கருத்து. நம் மாணவர்களின் கற்பனைக் கட்டுரைகளில் பச்சைச் சூரியன்கள் நிறைய உண்டு. 'நான் ஒரு பறவையானால்' என்று தொடங்கி, மூன்றாம் பத்தியில் அந்தப் பறவை பேனா பிடித்துக் கடிதம் எழுதும்! அதைச் சிவப்பு மையால் வெட்டுவதைவிட, "இந்தப் பறவைக்குக் கை உண்டா?" என்று கேட்பது மேல்.

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-இல் வெளியானது முதல் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று பயிலரங்குகளில் கேட்டுக் கேட்டு நமக்குச் செவி நிறைந்துவிட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. பாடவேளை போதவில்லை என்பது உண்மை, எனக்கும் போதவில்லை. ஆயினும் அந்தச் சிந்தனை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அழையாமல் வரும்போது அதை நாம் அடையாளம் காண்பதில்லை. நக்கீரரை மேடையில் போற்றுகிறோம். நம் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் நக்கீரரை உட்காரச் சொல்கிறோம்.

எல்லா வாதமும் நல்ல வாதம் என்று நான் சொல்ல வரவில்லை. குறை காண்பதையே பெருமையாக எண்ணும் பிள்ளை, பிறகு எதையும் சுவைக்க மாட்டான். ஆகவே என் வகுப்பில் மூன்று வினாக்களை எழுதி ஒட்டியுள்ளேன்.

1. இந்தக் கதை உலகத்தின் விதி என்ன? அது எங்கே சொல்லப்பட்டுள்ளது?
2. விதி உண்மையிலேயே மீறப்பட்டதா, அல்லது நான் கவனிக்கத் தவறினேனா?
3. நான் ஆசிரியராக இருந்தால் இந்த ஓட்டையை எப்படி அடைப்பேன்?

இரண்டாம் வினா பணிவைக் கற்றுத் தருகிறது. மூன்றாம் வினா, குறை சொன்னவன் கையிலேயே எழுதுகோலைக் கொடுக்கிறது.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, "சென்ற ஆண்டு மனுநீதிச் சோழனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாயே, நினைவிருக்கிறதா?" என்றேன். "இல்லை ஐயா" என்றான். நினைவில்லையா, நினைவிருந்தும் சொல்ல விரும்பவில்லையா என்று தெரியவில்லை. நல்ல கேள்வி என்றும், அன்று நான் விடை சொல்லாதது தவறு என்றும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். பிறகு மூன்றாம் வினாவை ஏரித் கதைக்கு எழுதி வரச் சொன்னேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். லகர, ளகர, ழகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. எழுத்துப்பிழைகள் பதினேழு, எண்ணினேன். ஆனால் நடுவில் ஒன்றைக் கண்டு வியந்தேன். செஃபிரோத்தின் வாள் மந்திர வாள், அது தந்த காயத்துக்கு மருந்து கேட்காது என்று முதலில் எழுதியிருந்தான். பிறகு அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தான்: அதே செஃபிரோத் போரில் வெட்டும்போது மருந்து வேலை செய்கிறது, அதனால் இந்த விடை சரி வராது. யாரும் சொல்லாமல் தன் விடையைத் தானே சோதித்து, தவறென்று கண்டு நீக்கியிருக்கிறான்! இத்தனை ஆண்டுப் பணியில் மாணவர் அடித்த வரியைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அவன் தந்தை செம்பனை ஆலையில் பணிபுரிபவர். பள்ளிக்கு வந்திருந்தபோது, "விளையாட்டைப் பத்தி நீங்களும் பேசுனா அவன் இன்னும் கெட்டுப் போயிடுவான் ஐயா" என்று கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானது. எத்தனை மணி நேரம் ஆடலாம், அகவைக்கு ஏற்ற விளையாட்டுதானா என்பவற்றைப் பெற்றோர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு உரியது தம்பிக்கு உரியதன்று. நேரத்துக்கு அளவு வையுங்கள்; கேள்விக்கு அளவு வைக்காதீர்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக் கொண்டாரா என்பது ஐயமே.

பெற்றோர்களே, இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "நீ ஆடும் விளையாட்டின் கதையில் உனக்குப் பொருந்தாமல் தோன்றுவது எது?" விடை நெடுநேரம் நீளலாம். பாதி புரியாமலும் போகலாம். பொறுமையோடு கேளுங்கள். இடையில் ஒருமுறை, "அது எங்கே சொல்லியிருக்கிறது? காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, பாடவேளை முடிய ஐந்து மணித்துளிகள் இருக்கையில் ஒரு கை உயர்ந்தால், "நாளை இதற்கு விடை காண்போம்" என்று சொல்லிக் கேள்வியை வெண்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அதற்கு அரை மணித்துளி போதும். அன்று நான் அதைச் செய்யவில்லை.

அன்புடன்,
பந்திங்கிலிருந்து உங்கள் ஆசிரிய நண்பன்