குடிக்கூலியும் வழிக்கூலியும்

வீட்டு வாடகையைக் குடிக்கூலி என வழங்கினர் நம் முன்னோர். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் யான் அதனோடு வழிக்கூலி என்னும் சொல்லையும் சேர்த்துக்கொள்ள விரும்புகின்றேன். வீட்டிலிருந்து தொழிலிடம் சென்று மீள்வதற்கு ஆகும் செலவே வழிக்கூலி. இரண்டையும் கூட்டினாலன்றி ஒரு வீட்டின் மெய்யான வாடகை புலப்படாது.

இந்நிலத்தின் அமைப்பை நோக்குக. கிழக்கே புத்தளம் களப்பு; மேற்கே கடல். புகைவண்டிப் பாதை குடாநாட்டினுள் வருவதில்லை. பாலாவியிலிருந்து நுரைச்சோலை ஊடாகக் கற்பிட்டி செல்லும் பெருந்தெருவை நம்பியே மக்கள் வாழ்கின்றனர். அத்தெருவை அண்டிய வீடுகளுக்கே கிராக்கி. 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்று அளவில் நிறைவெய்திய அனல்மின் நிலையத்துக்குத் தொழில் நிமித்தம் வருவோரும், காற்றுக் காலத்தில் கடல்விளையாட்டுக்கு வரும் வெளிநாட்டாரும் வசதியான இடங்களையே நாடுகின்றனர். நாள்வாடகை கிடைக்குமிடத்தில் மாதவாடகையை விரும்புவார் யார்? இடமாற்றம் பெற்று வரும் இளம் ஆசிரியர்க்கு எஞ்சுவது தோட்டங்களுக்கு அப்பால், மணல் ஒழுங்கையின் கோடியிலுள்ள வீடு.

"தூரமாயினும் வாடகை மலிவன்றோ?" என்பர் சிலர். ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். தெருவோர வீட்டுக்கு மாதம் 25,000 ரூபா. உள்வீட்டுக்கு 15,000 ரூபா. பாடசாலை 6 கிலோமீற்றர் தொலைவு. முச்சக்கரவண்டிக்குக் கிலோமீற்றருக்கு 100 ரூபா. மாதத்தில் 20 நாள் சென்று மீள 24,000 ரூபா வேண்டும். வாடகையில் மிஞ்சியதோ 10,000 ரூபாவே! சொந்த மோட்டார் சைக்கிள் உடையவர்க்கு உள்வீடு இலாபந்தான். வண்டி வாங்க இயலாதவரும், ஓட்ட இயலாத முதியோரும் நோயாளரும், குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு மிகுந்த செலவுக்கு ஆளாகின்றனர்.

2022ஆம் ஆண்டு இதனை எல்லார்க்கும் உணர்த்திற்று. ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல் சூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. பின்னர்ப் பங்கீடு வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே தொடக்கத்தில் கிடைத்தன. வீட்டுக்காரர் ஒரு சதமும் கூட்டாதிருந்தபோதும் தொலைவிலுள்ள வீடு விலையேறிற்று.

ஆகவே வீட்டுக்காரரை மட்டும் பழிப்பது நீதியன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் வந்தபோது, தென்னந்தோட்டங்களிலும் தம் வளவுகளிலும் இடங்கொடுத்தவர் இக்கரையார். அவர்கள் கொடையறியாதவர் அல்லர். வாடகைக்கு உச்சவரம்பு விதித்தால் மட்டும் குறை தீரும் என்று கருதுவோர்க்கும் ஒன்று கூறுவேன்: சட்டம் குடிக்கூலியைக் குறைக்கலாம், வழிக்கூலியைக் குறைக்க வண்டியே வேண்டும்.

இலங்கைப் போக்குவரத்துச் சபை பாடசாலை நேரத்துக்கும் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கும் இசைய இவ்வழியில் பஸ் வண்டிகளை ஓட்டுதல் வேண்டும். பிரதேச சபை உள்ளொழுங்கைகளைச் செப்பனிட்டு விளக்கேற்றுதல் வேண்டும். கல்வித் திணைக்களம் பாடசாலைகளின் அருகே ஆசிரியர் விடுதிகளை அமைத்தல் வேண்டும். இவை நிகழாவிடின் நல்லாசிரியர் வந்த ஆண்டிலேயே இடமாற்றம் கேட்டுச் செல்வர். அந்நட்டத்தைச் சுமப்போர் வீட்டுக்காரரும் அல்லர், வாடகைக்கு இருப்போரும் அல்லர். இக்கரையில் படிக்கும் பிள்ளைகளே.