முதல் வேடம்

மொழிபெயர்ப்பாளரின் பிராணனை வாங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'கிளாஸ்'. பள்ளிக்கூடத்தில் அது வகுப்பு. ரயிலிலும் வகுப்பு. மார்க்ஸைப் பற்றிப் பேசினால் வர்க்கம். இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கூடி ஆடும் மாயாஜால 'ஆன்லைன்' விளையாட்டுகளில், புதிதாக நுழைகிறவரிடம் திரை கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நீங்கள் எந்த 'கிளாஸ்' என்பது. போர்வீரனா, மந்திரவாதியா, பூசாரியா, வேடனா, திருடனா? (பணம் வைத்து ஆடும் ரம்மியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வகையைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது.)

இதை 'வகுப்பு' என்று எழுதினால் வகுப்புவாதமும் கூடவே வந்துவிடும். பிறப்போடு ஒட்டிக்கொள்வது என்ற வாடை அந்தச் சொல்லில் உண்டு. 'தொழில்' என்று எழுதலாமென்றால், 1953-ல் ராஜாஜி கொண்டுவந்து, 'குலக்கல்வி' என்று பெயர் வாங்கி, அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட திட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த விளையாட்டிலோ யாரும் எதுவாகவும் பிறப்பதில்லை. வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எனவே கூத்து மேடையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்குகிறேன்: வேடம்.

முதல் முறை ஆடுகிறவருக்கு எந்த வேடம் நல்லது? பெங்களூரில் இது வெட்டிக் கேள்வி அல்ல. 1996-லேயே பிரிகேட் ரோட்டில் காபியோடு இன்டர்நெட்டும் விற்ற ஊர் இது. பிறகு சந்துக்குச் சந்து சைபர் கஃபேக்கள் வந்தன. அவற்றில் பழகிய பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கின்றன.

புதியவர் பொதுவாகத் தேடுவது பலசாலியை. அனுபவசாலிகள் பார்ப்பது வேறு: எந்த வேடம் தப்பைப் பொறுத்துக்கொள்ளும்? இரண்டும் ஒன்றல்ல. இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன், 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. அதில் முதலில் இருந்தவை மூன்றே வேடங்கள்: வீரன், மந்திரவாதி, பூசாரி. பிற்காலத்தில் உலகையே ஆட்டிவைக்கப் போகும் மந்திரவாதிக்கு ஆரம்ப நிலையில் நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைச் சொல்லி முடித்தால் கையில் மிஞ்சுவது குறுவாள். ஒரு அடி விழுந்தால் கதை முடிந்தது. வீரனோ நாலு அடி வாங்கிக்கொண்டு, எங்கே தப்பு செய்தோம் என்று யோசிக்க உயிரோடு இருப்பான்.

2004-ல் ஒன்பது வேடங்களோடு வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் புதியவருக்குப் பலரும் கைகாட்டுவது வேடனை. காரணம் எளிது. வேடன் தூரத்தில் நின்று அம்பு விடுகிறான். அவன் பழக்கிய மிருகம் முன்னால் போய் அடிகளை வாங்கிக்கொள்கிறது. மிருகம் செத்தாலும் எழுப்பிவிடலாம். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு கரடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர்க்காரருக்கு வேடனைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் தனி சர்வர் கிடையாது. நாம் விசையைத் தட்டினால், சேதி ஐரோப்பா போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. அற்ப நேரம்தான். ஆனால் கண்ணிமைக்கும் பொழுதில் பின்னால் பாய்ந்து குத்த வேண்டிய திருட்டு வேடக்காரருக்கு அது தலை போகிற தாமதம். தூரத்தில் நிற்பவருக்கு அவ்வளவாக உறைக்காது.

கூட்டமாகப் போகும்போது கணக்கு இன்னும் தெளிவு. ஐந்து பேர் குகைக்குள் போனால் ஒருவர் முன்னால் நின்று அடிகளைத் தாங்குவார். ஒருவர் காயம் ஆற்றுவார். மற்ற மூவர் தாக்குவார்கள். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். காயம் ஆற்றுகிறவர் கண் அசந்தால் ஐந்து பேரும் காலி. யாரைத் திட்டுவது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்காது. தாக்கும் மூவரில் ஒருவராக இருந்தால், மற்ற இருவரைப் பார்த்துச் சத்தமில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

இதைவிட ஒரு படி மேலே போனது 'ரக்னராக் ஆன்லைன்' என்ற கொரிய விளையாட்டு. 2000-களில் இந்தியாவுக்கென்றே தனி சர்வரோடு வந்தது. அதில் நுழைந்தவுடன் யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எல்லோரும் 'கற்றுக்குட்டி'தான். சின்னச் சின்னப் பிராணிகளோடு மல்லுக்கட்டிப் பத்தாவது படியை எட்டிய பிறகுதான் வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, பூசாரி, வியாபாரி, திருடன் என்ற ஆறில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு கெடுபிடி இருந்தது. பலம், வேகம், அறிவு என்று பங்கிட்ட புள்ளிகளை அந்நாட்களில் திரும்ப வாங்க முடியாது. கணக்குத் தப்பினால் புது ஆளாக மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

கர்நாடகத்துக்கு இந்த யோசனை புதிதல்ல. கடலோர யட்சகானத்தில், கதை தொடங்குவதற்கு முன் நடக்கும் பூர்வரங்கத்தில் கோடங்கி என்ற கோமாளி வேஷமும், பாலகோபாலன் வேஷமும் உண்டு. பழைய வழக்கப்படி கற்றுக்கொண்டிருக்கும் சிறுவர்கள் இவற்றில்தான் மேடையேறுவார்கள். தாளம் தப்பினாலும் கதை கெடாது. கதைதான் இன்னும் ஆரம்பிக்கவில்லையே. அர்ஜுனனும் கர்ணனும் பிறகு வருவார்கள்.

யட்சகானக்காரரும் கொரியரும் புரிந்துகொண்ட இந்தச் சங்கதியை நம் கல்விமுறை புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. பத்தாவது முடிந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம், சென்னையில் 'எந்த குரூப்' என்கிறோம். பெங்களூரில் 'பி.சி.எம்.பி.யா, காமர்ஸா' என்கிறோம். அந்தப் பிள்ளை அதுவரை ஒரு ஆய்வுக்கூடத்தில் முழு நாள் இருந்ததில்லை. ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதில்லை. பெற்றோர் தேர்ந்தெடுப்பதும் பலசாலி வேடத்தைத்தான். தப்பைப் பொறுக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு மாற நினைத்தால் பெரும்பாலும் ஒரு வருடம் போகும். வருடத்தைவிட, 'ஃபெயிலாகி மாறினான்' என்ற பேச்சுதான் பிள்ளையை அதிகம் வதைக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே கறாரான சுவர் வேண்டாம் என்கிறது. வீட்டுக்குள் இருக்கும் சுவரைப் பற்றிக் கொள்கை என்ன சொல்ல முடியும்?

'ஃபைனல் ஃபேன்டஸி 14' விளையாட்டில் ஒரே ஆள் எல்லா வேடங்களையும் கற்கலாம். கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் வேடம் மாறிவிடும். பழையதில் கற்றது அழிவதில்லை. திரும்பப் போனால் அங்கேயே இருக்கும். விராட நாட்டில் பீமன் கரண்டி பிடித்தான், அர்ஜுனன் நாட்டியம் சொல்லிக்கொடுத்தான். ஆயுதங்கள் வன்னி மரத்தில் பத்திரமாக இருந்தன. அந்த ஒரு வருடத்தை வீண் என்று சொன்னவர் எவருமில்லை.

எனவே விளையாட வருகிறவருக்குப் பதில்: முதல் வேடம் வேடனாகவே இருக்கட்டும். ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளுங்கள். இதே வார்த்தைகளை, இதே குரலில், பத்தாவது முடித்த பிள்ளையிடமும் சொல்லிப் பார்க்கலாம்.